வந்து மறையும் எச்சரிக்கை



நெல் வயலுக்கு மேலே நான்கோ ஆறோ கைகளை விரித்துப் பறந்தபடி மருந்து தெளிக்கும் ட்ரோனைப் பார்த்திருப்பீர்கள். திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் தலைக்கு மேலே நின்று படம் பிடிக்கும் சின்ன ட்ரோனையும் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் அண்ணாந்து ட்ரோனையே பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் அதை ஓட்டுகிறவரின் கையில் ஒரு ரிமோட்டும் அதில் ஒரு சின்னத் திரையும் இருக்கும். பல நேரங்களில் வானத்தில் நடப்பதைவிடச் சுவையான சங்கதி அந்தத் திரையில்தான் நடக்கும்.

ட்ரோன் நன்றாகத்தான் பறந்துகொண்டிருக்கும். திடீரென்று திரையின் மேல் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு வரி தோன்றும். ‘காம்பஸ் கோளாறு’ என்றோ, ‘ஜிபிஎஸ் சிக்னல் பலவீனம்’ என்றோ, ‘பலத்த காற்று’ என்றோ அது சொல்லும். கூடவே ரிமோட் ‘பீப் பீப்’ என்று கத்தும். இரண்டு மூன்று நொடிகளில் வரியும் மறைந்துவிடும், சத்தமும் நின்றுவிடும். ட்ரோன் முன்போலவே பறந்துகொண்டிருக்கும்.

இப்போது ஓட்டுகிறவர் என்ன செய்ய வேண்டும்?

பழக்கமில்லாதவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். சிலர் பதறிப்போய் ரிமோட்டின் குச்சிகளை அங்கும் இங்கும் தள்ளி, நன்றாகப் பறந்த ட்ரோனை மரத்தில் மோதவிடுவார்கள். சிலர் “அதுதான் போய்விட்டதே” என்று அதை மறந்துவிடுவார்கள். பத்து நிமிடம் கழித்து அதே காரணத்தால் ட்ரோன் கீழே விழும். தேர்ந்த பைலட் இரண்டையும் செய்யமாட்டார். அந்த ஒற்றை வரியில் ட்ரோன் தனக்கு என்ன சொல்கிறது என்று படித்துப் பார்ப்பார். அப்படிப் படிப்பதற்குக் கொஞ்சம் இயற்பியல் தெரிந்திருக்க வேண்டும். வாருங்கள், பார்ப்போம்.

ட்ரோனின் புலன்கள்

முதலில் ஒரு சின்னச் சோதனை. எழுந்து ஒற்றைக் காலில் நில்லுங்கள். சுலபமாக நிற்க முடிகிறது அல்லவா? இப்போது கண்களை மூடிக்கொள்ளுங்கள். சில நொடிகளிலேயே உடம்பு ஆடத் தொடங்கும். விழாமல் நிற்பதற்கு உங்கள் மூளை மூன்று இடங்களிலிருந்து செய்தி வாங்குகிறது: கண், காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு, கால் தசைகள். இதில் ஒன்று நின்றுபோனால் மற்ற இரண்டை வைத்துச் சமாளிக்கிறது, ஆனால் தடுமாறுகிறது.

ட்ரோனும் இப்படித்தான். அதற்குள் கைரோஸ்கோப், முடுக்கமானி என்று இரண்டு கருவிகள் உண்டு. ட்ரோன் எவ்வளவு சாய்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, எந்தப் பக்கம் வேகம் கூடுகிறது என்பதை இவை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளந்து சொல்லும். காற்றழுத்தமானி உயரத்தைச் சொல்லும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். தரைக்கு அருகில் சுமார் 8 மீட்டர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். காந்தத் திசைகாட்டி எந்தப் பக்கம் வடக்கு என்று சொல்லும். ஜிபிஎஸ், பூமியில் எந்த இடத்துக்கு மேலே நிற்கிறோம் என்று சொல்லும். பல ட்ரோன்களின் வயிற்றில் தரையைப் பார்க்கும் கேமராவும் உண்டு.

இத்தனை பேர் சொல்வதையும் கேட்டு முடிவெடுப்பது நடுவில் இருக்கும் சின்னக் கணினி. எல்லாக் கருவிகளும் கொஞ்சம் கொஞ்சம் பிழை செய்யக்கூடியவை. எதை எவ்வளவு நம்புவது? இதற்கு ருடால்ஃப் கால்மன் என்ற அறிஞர் 1960இல் ஓர் அருமையான கணக்கு முறையைத் தந்தார். “அடுத்த நொடியில் நான் இங்கே இருப்பேன்” என்று கணினி முன்கூட்டியே கணிக்கும். பிறகு கருவிகள் சொல்வதோடு அதை ஒப்பிடும். பிழை குறைவாக இருக்கும் கருவியை அதிகம் நம்பும், பிழை மிகுந்ததைக் குறைவாக நம்பும். நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலங்களிலும் இந்த முறை பயன்பட்டது. இன்று பல ட்ரோன்களில் இருப்பதும் இதே முறையின் வாரிசுதான்.

இப்போது அந்த மஞ்சள் வரியின் பொருள் உங்களுக்குப் புரியும். “என் புலன்களில் ஒன்று சொல்வதை இந்த நேரத்தில் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை” என்று ட்ரோன் சொல்கிறது. அல்லது, “எனக்குள்ள வலிமையின் எல்லையை நெருங்கிவிட்டேன்” என்கிறது. வரி மறைந்தால், அளவு எல்லைக்குள் திரும்பிவிட்டது என்று பொருள். காரணம் ஒழிந்துவிட்டது என்று ட்ரோன் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதி பைலட் ஆகிவிட்டீர்கள்.

இனி ஒவ்வோர் எச்சரிக்கையாகப் பார்க்கலாம்.

திசைகாட்டி குழம்பும்போது

பூமியின் காந்தப்புலம் மிகவும் மெலிந்தது. நம் தமிழ்நாட்டில் அதன் வலிமை சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் சின்ன பொம்மைக் காந்தம்கூட, அதன் முகப்பில் இதைவிட நூறு மடங்குக்கு மேல் வலிமையானது. ஆகவே பக்கத்தில் கொஞ்சம் இரும்பு இருந்தாலே திசைகாட்டி குழம்பிவிடும். மொட்டைமாடித் தளத்துக்குள் இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. கார், இரும்புக் கதவு, செல்போன் கோபுரம் எல்லாமே குழப்பும்.

மாடியிலிருந்து கிளம்பும்போது எச்சரிக்கை வந்து, ஐந்தாறு மீட்டர் ஏறியதும் மறைந்தால், கீழே இருந்த கம்பிகள்தான் காரணமாக இருக்கலாம். நடுவானில் ஒரு கோபுரத்தைக் கடக்கும்போது வந்து, தாண்டியதும் மறைந்தால், அந்தக் கோபுரத்தை விட்டு விலகிப் பறக்க வேண்டும்.

இதில் ஆபத்து எங்கே என்றால், வடக்கு எது என்று தவறாக எண்ணிக்கொண்டு ட்ரோன் ஓரிடத்தில் நிற்க முயல்வதில்தான். காற்று அதைக் கிழக்கே தள்ளுகிறது என்று வையுங்கள். அது மேற்கே நகர வேண்டும். ஆனால் எது மேற்கு என்பதே தவறாகத் தெரிவதால் வேறு பக்கம் நகரும். பிழை இன்னும் கூடும். மறுபடி திருத்தும், மறுபடி தவறாக. கடைசியில் அது வட்டம் போடும். ஒவ்வொரு சுற்றிலும் வட்டம் பெரிதாகும். எச்சரிக்கையோடு இந்த வட்டமும் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம். கையால் ஓட்டும் முறை இருந்தால் அதற்கு மாற்றி, கண்ணால் பார்த்தபடி திறந்த இடத்தில் இறக்கிவிட வேண்டும்.

தரையிலேயே இந்த எச்சரிக்கை வந்தால் பறக்கவே கூடாது. ட்ரோனைத் தூக்கிக்கொண்டு மண்தரைக்குப் போக வேண்டும். திசைகாட்டியைச் சரிசெய்யச் சொல்லித் திரை கேட்டாலும், கம்பி போட்ட தளத்தின்மேல் நின்று சரிசெய்யக் கூடாது. அப்படிச் செய்தால், அந்தக் குழப்பத்தையே சரியென்று ட்ரோனுக்குக் கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

செயற்கைக்கோள் குரல் மெலியும்போது

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் “இப்போது மணி இவ்வளவு, நான் இங்கே இருக்கிறேன்” என்று வானொலி அலையில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த அலை வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து, செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ட்ரோன் கணக்கிடுகிறது. இடத்தைக் கண்டுபிடிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் மூன்று போதாதா என்று கேட்பீர்கள். நான்காவது, ட்ரோனின் கடிகாரத்தைத் திருத்துவதற்கு. ஒளியும் வானொலி அலையும் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகின்றன. கடிகாரம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே கணக்கு 300 மீட்டர் தவறிவிடும்!

அவ்வளவு தொலைவு வரும் அலை, தரையை அடையும்போது மிக மிக மெலிந்திருக்கும். தென்னந்தோப்புக்குள் போனால் இலைகள் தடுக்கும். உயரமான கட்டடத்தின் ஓரம் போனால் சுவரில் பட்டுத் தெறித்துச் சுற்றிவளைத்து வரும், தூரம் கூடியதுபோலத் தோன்றும். அப்போது எச்சரிக்கை வரும். திறந்த வானத்துக்கு வந்ததும் மறையும்.

எச்சரிக்கை இருக்கும் நேரத்தில் ட்ரோன் உயரத்தைக் காற்றழுத்தமானியால் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் பக்கவாட்டில் காற்றோடு மெல்ல நழுவும். பைலட் பதறாமல், குச்சியைச் சிறிது சிறிதாக அசைத்து அதை இருந்த இடத்திலேயே பிடித்து, திறந்தவெளிப் பக்கமாகக் கொண்டுவர வேண்டும்.

எப்போதாவது, திறந்த வயலிலேயேகூட இந்த எச்சரிக்கை வரலாம். அதற்குக் காரணம் நமக்கு மேலே, காற்றுமண்டலத்தின் உயர் அடுக்கான அயனி மண்டலத்தில் இருக்கும். தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டித்தான் பூமியின் காந்த நடுக்கோடு செல்கிறது. இந்தப் பகுதியில் சில நாட்களில் சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில் கொந்தளிப்பு ஏற்பட்டு, ஜிபிஎஸ் அலைகள் கலங்கும். இதையெல்லாம் ஆராய்வதற்கென்றே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று திருநெல்வேலியில் இருக்கிறது. 2024 மே மாதம் சூரியனிலிருந்து பெரும் புயல் கிளம்பிப் பூமியைத் தாக்கியது. அப்போது அமெரிக்காவில் ஜிபிஎஸ் வழிகாட்டலில் ஓடும் டிராக்டர்கள் தடுமாறியதால், விவசாயிகள் பலர் விதைப்பையே நிறுத்திவைக்க நேர்ந்தது.

பேட்டரி சோர்ந்து நிமிரும்போது

ட்ரோனை வேகமாக மேலே ஏற்றும்போது ‘பேட்டரி மின்னழுத்தம் குறைவு’ என்று வரும். ஏறுவதை நிறுத்தியதும் மறையும். பேட்டரி தீர்ந்திருந்தால் எப்படி மறையும்?

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். பேட்டரிக்குள்ளேயே ஒரு சிறிய மின்தடை உண்டு. மின்னோட்டம் பாயும்போது அந்தத் தடையில் கொஞ்சம் மின்னழுத்தம் வீணாகும். ஓம் விதி நினைவிருக்கிறதா? மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்க வேண்டும். ஒரு கலத்தின் உள்தடை 0.01 ஓம், மின்னோட்டம் 20 ஆம்பியர் என்றால், 0.2 வோல்ட் குறையும். 4.0 வோல்ட் இருந்த கலம் 3.8 வோல்ட் காட்டும். குச்சியைத் தளர்த்தியதும் மின்னோட்டம் குறையும், வோல்ட் மறுபடி ஏறும். இதுதான் மறைவதன் ரகசியம்.

பழைய பேட்டரியில் உள்தடை அதிகம். குளிரிலும் அதிகம், ஏனென்றால் உள்ளே நடக்கும் வேதிவினை மந்தமாகிவிடும். சென்னை வெயிலில் ஒழுங்காகப் பறந்த ட்ரோன், ஊட்டியில் உறைபனி விழும் மார்கழிக் காலையில் இந்த எச்சரிக்கையைத் தரலாம். அப்போது பேட்டரியை முதலில் கதகதப்பான இடத்தில் வைத்திருந்து பொருத்த வேண்டும். கிளம்பியதும் ஒரு நிமிடம் தாழ்வாக நிறுத்தி, அது சூடேறிய பிறகே மேலே போக வேண்டும்.

வேகமாக ஏறும்போது ஒருமுறை வந்து மறைந்தால், நிதானமாக ஓட்டினால் போதும். சும்மா அந்தரத்தில் நிற்கும்போதே வந்தால், அந்தப் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. உடனே இறக்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் அதை இனிப் பயன்படுத்தவே கூடாது.

காற்று வேகம் கூடும்போது

‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பார்கள். ட்ரோன் அம்மியைவிட எத்தனையோ மடங்கு லேசு! காற்றை எதிர்த்து நிற்க, ட்ரோன் காற்று வரும் பக்கம் சாய்ந்துகொள்கிறது. அப்படிச் சாய்வதற்கும் ஓர் எல்லை உண்டு. அதை நெருங்கினால் எச்சரிக்கை வரும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே ஒரு திடீர் வீச்சே போதும். வீச்சு ஓய்ந்ததும் எச்சரிக்கை மறையும். ஆனால் ஒரு வீச்சு வந்த இடத்தில் அடுத்ததும் வரும் என்று எண்ணிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

தரைக்கு அருகில் மரம், வீடு, புல் எல்லாம் காற்றைத் தடுத்துவிடும். உயரே போனால் தடையில்லை, வேகம் அதிகம். அதனால் முதலில் உயரத்தைக் குறைக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. ட்ரோனின் வேகம் நொடிக்கு 12 மீட்டர், காற்றின் வேகம் நொடிக்கு 8 மீட்டர் என்று கொள்வோம். காற்றோடு சேர்ந்து போகும்போது ட்ரோன் தரைக்கு மேல் நொடிக்கு 20 மீட்டர் ஓடும். 600 மீட்டரை 30 நொடியில் கடந்துவிடும். திரும்பும்போது காற்று எதிரே. 12இல் 8 போக 4 மீட்டர்தான் மிச்சம். அதே 600 மீட்டருக்கு 150 நொடி ஆகும், ஐந்து மடங்கு நேரம்! போகும்போது பேட்டரியில் கால் பங்கு தீர்ந்தால், திரும்பி வர மிச்சம் இருப்பது போதாது. ஆரல்வாய்மொழி போன்று கணவாய்க் காற்று வீசும் ஊர்களில் இருக்கும் பிள்ளைகள் இந்தக் கணக்கை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். காற்று எச்சரிக்கை ஒருமுறை வந்தாலே ட்ரோனை வீட்டுப் பக்கம் திருப்பிவிட வேண்டும்.

ரிமோட்டின் பேச்சு எட்டாதபோது

ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் நடுவே மரக்கிளை வந்தால் ‘சிக்னல் பலவீனம்’ என்று வரும். இலைகளில் இருக்கும் நீர் வானொலி அலையை உறிஞ்சிக்கொள்ளும். ரிமோட்டில் குச்சிபோல நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவின் நுனியைத் துப்பாக்கிபோல ட்ரோனை நோக்கிக் காட்டுவார்கள் பலர். அது தவறு. அந்த வகை ஆன்டெனா நுனி வழியாக மிகக் குறைவாகவே அலையை அனுப்பும், பக்கவாட்டில்தான் நிறைய அனுப்பும். ஆன்டெனாவின் பக்கவாட்டு ட்ரோனைப் பார்க்கும்படி பிடித்தாலே பல நேரங்களில் எச்சரிக்கை மறைந்துவிடும்.

நிலவில் ஒலித்த எச்சரிக்கை

எச்சரிக்கையின் பொருளை எப்போது தெரிந்துகொள்ள வேண்டும்? அது வருவதற்கு முன்பே! இதற்கு உலகமே அறிந்த சான்று ஒன்று இருக்கிறது.

1969 ஜூலை 20. நீல் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் ஈகிள் கலத்தில் நிலவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கணினி ‘1202’ என்ற எச்சரிக்கை எண்ணைக் காட்டியது. அது என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை, பூமியிடம் கேட்டார்கள். ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் கணினிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஸ்டீவ் பேல்ஸ், வயது 26. அவருக்குப் பின்னணியில் உதவியவர் ஜாக் கார்மன், வயது 24. சில நொடிகளில் பதில் போனது: இறங்கலாம்!

எப்படி அவ்வளவு விரைவாகச் சொன்னார்கள்? அந்த மாதத் தொடக்கத்தில் நடந்த ஒத்திகையில் இதுபோன்ற ஓர் எச்சரிக்கை வந்தது. அப்போது பேல்ஸ் பயணத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்தியிருக்க வேண்டியதில்லை என்று பிறகு தெரிந்தது. உடனே தலைவர் ஜீன் கிரான்ஸ், இருக்கும் எல்லா எச்சரிக்கை எண்களுக்கும் பொருளும் செய்ய வேண்டியதும் எழுதிவைக்கச் சொன்னார். கார்மன் கையால் பட்டியல் எழுதி மேசையில் வைத்திருந்தார். 1202 என்றால் கணினிக்கு வேலை அதிகமாகிவிட்டது என்று பொருள். தேவையில்லாத ஒரு ரேடார், கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. கணினியோ முக்கியமில்லாத வேலைகளைத் தள்ளிவைத்து, கலத்தை இறக்கும் வேலையை மட்டும் விடாமல் செய்தது.

அவர்கள் பார்த்தது இரண்டு விஷயங்களை. எச்சரிக்கை விட்டுவிட்டு வருகிறதா, ஓயாமல் வருகிறதா? கலம் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருக்கிறதா? விட்டுவிட்டுத்தான் வந்தது, கலமும் ஒழுங்காகவே இறங்கியது. மனிதன் நிலவில் கால் வைத்தான்.

செவ்வாயில் தொலைந்த ஒரு படம்

சரி, பத்திரமாக இறங்கிவிட்டால் அதோடு முடிந்ததா? இல்லை. இதற்குச் சான்று செவ்வாய்க் கோளிலிருந்து வருகிறது.

இன்ஜெனியுட்டி என்ற 1.8 கிலோ ஹெலிகாப்டர் 2021 ஏப்ரல் 19இல் முதன்முதலாகச் செவ்வாயில் பறந்தது. வானொலி அலை அங்கே போய்ச் சேரவே பல நிமிடங்கள் ஆகும். அதனால் பூமியில் உட்கார்ந்து யாரும் அதை ரிமோட்டில் ஓட்ட முடியாது, தானாகவே பறக்க வேண்டும். மே 22இல் ஆறாவது பயணம். 10 மீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. கிளம்பி 54ஆவது நொடியில், தரையைப் பார்க்கும் கேமரா எடுத்த ஒரே ஒரு படம் வழியில் தொலைந்துபோனது. அந்தக் கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கும், அதில் ஒன்றுதான் போயிற்று! ஆனால் அதற்குப் பின் வந்த ஒவ்வொரு படத்திலும் நேரக்குறிப்பு தவறிவிட்டது. தான் எங்கே, என்ன வேகத்தில் போகிறோம் என்பதைத் தவறாகக் கணித்து, இல்லாத பிழையைத் திருத்தித் திருத்தி, ஹெலிகாப்டர் 20 பாகைக்கு மேல் முன்னும் பின்னுமாக ஆடியது.

நல்லவேளையாக, இறங்கும் கடைசிக் கட்டத்தில் கேமராவை நம்ப வேண்டாம் என்று முன்பே வடிவமைத்திருந்தார்கள். குழம்பிய புலனை விட்டதும் ஆட்டம் நின்றது. குறித்த இடத்திலிருந்து 5 மீட்டருக்குள் இறங்கியது.

இறங்கிய பிறகு பொறியாளர்கள் “தப்பித்துவிட்டது, போதும்” என்று விட்டுவிடவில்லை. பறந்தபோது பதிவான தகவல்களையெல்லாம் நொடி நொடியாகப் படித்துக் காரணத்தைத் தேடினார்கள். வண்ணப் படங்கள் எடுப்பது இந்தக் கோளாறைத் தூண்டியிருக்கலாம் என்று கண்டு, அடுத்த இரண்டு பயணங்களில் வண்ணப் படம் எடுப்பதை நிறுத்திவைத்தார்கள். பிறகு மென்பொருளையும் திருத்தினார்கள். ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பப்பட்ட அந்த ஹெலிகாப்டர், 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது!

பைலட் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

விமானிகளுக்கு முதல் பாடமாகச் சொல்லித்தருவது இது: முதலில் ஓட்டு, பிறகு வழியைப் பார், அதன் பிறகு பேசு. ட்ரோனுக்கும் இதுவே பொருந்தும். எச்சரிக்கை வந்ததும் கையை நிதானமாக வைத்து, ட்ரோனை ஓரிடத்தில் நிறுத்தி, திரையை விட்டுக் கண்ணை எடுத்து, வானத்தில் இருக்கும் ட்ரோனை நேராகப் பார்க்க வேண்டும். பிறகு மூன்று கேள்விகள்.

ஒன்று: எந்தப் புலன் பேசுகிறது? திசைகாட்டியா, ஜிபிஎஸ்ஸா, பேட்டரியா, காற்றா, சிக்னலா?

இரண்டு: ட்ரோன் எப்படி நடந்துகொள்கிறது? நேராக நிற்கிறதா, நழுவுகிறதா, வட்டம் போடுகிறதா, சத்தம் மாறியிருக்கிறதா?

மூன்று: மறுபடி வருகிறதா?

ஒருமுறை வந்து மறைந்தது, காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, ட்ரோன் ஒழுங்காக நிற்கிறது என்றால், காரணத்தை விட்டு விலகி, அருகிலேயே வைத்து ஓட்டலாம். காரணம் தெரியவில்லை, அல்லது இரண்டாம் முறையும் வந்தது என்றால் திரும்ப வேண்டும். ட்ரோனின் நடத்தை மாறினால், ஆளில்லாத இடமாகப் பார்த்து உடனே இறக்க வேண்டும். மோட்டார், இறக்கை, பேட்டரிக் கலம் பற்றிய எச்சரிக்கை ஒரே ஒருமுறை வந்தாலும் இறக்க வேண்டியதுதான். தளர்ந்த இணைப்பும் விரிசல் விட்ட இறக்கையும் முதலில் விட்டுவிட்டுத்தான் தொல்லை தரும், பிறகு மொத்தமாகக் கைவிடும்.

‘வீடு திரும்பு’ என்ற பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த எச்சரிக்கைக்கும் இதை அழுத்திவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பொத்தான் ஜிபிஎஸ்ஸையும் திசைகாட்டியையும் நம்பித்தான் ட்ரோனைக் கொண்டுவருகிறது. அவையே குழம்பியிருக்கும்போது அதை அழுத்தினால் ட்ரோன் எங்கே போகுமோ தெரியாது. பலத்த காற்றிலும் கவனம் வேண்டும். திரும்புவதற்கு முன் அது குறித்த உயரத்துக்கு ஏறும், அங்கே காற்று இன்னும் அதிகம். ரிமோட்டின் சிக்னல் பலவீனமானால்தான் அந்தப் பொத்தான் நல்ல துணை.

இறக்கிய பிறகு ஒரு நோட்டில் எழுத வேண்டும்: என்ன எச்சரிக்கை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த உயரத்தில், அப்போது ட்ரோன் என்ன செய்துகொண்டிருந்தது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் அந்த இடத்தில் இருக்கிறது. எந்த இடத்துக்குப் போனாலும் வந்தால் காரணம் ட்ரோனுக்குள் இருக்கிறது.

செய்து பாருங்கள்

வீட்டில் இருக்கும் ஸ்மார்ட்போனிலும் முடுக்கமானி, ஜிபிஎஸ் போன்ற புலன்கள் உண்டு. பலவற்றில் திசைகாட்டியும் இருக்கும். அப்பா அம்மாவிடம் கேட்டு, போனில் திசைகாட்டிச் செயலியைத் திறந்து, இரும்பு பீரோவை நோக்கி மெல்ல நடந்து போங்கள். போனைத் திருப்பாமலே முள் நகரத் தொடங்கும். எத்தனை அடி தூரத்தில் நகர்கிறது என்று அளந்து எழுதுங்கள். விலகி வந்ததும் முள் பழையபடி சரியாகிவிடும். பீரோ அங்கேயேதான் இருக்கிறது!

அடுத்து, வரைபடச் செயலியை வீட்டுக்குள் ஒருமுறையும் திறந்த வெளியில் ஒருமுறையும் திறந்து பாருங்கள். நீங்கள் இருக்கும் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும். “இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறாய், சரியாகச் சொல்ல முடியவில்லை” என்று போன் சொல்கிறது. எங்கே வட்டம் சிறுத்தது, ஏன் என்று யோசியுங்கள்.

நம் நாட்டில் 2021இல் வந்த ட்ரோன் விதிகளின்படி, பைலட் சான்றிதழ் பெறக் குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும். 250 கிராமுக்கு மிகாத நானோ ட்ரோனுக்குச் சான்றிதழ் தேவையில்லை. ஆனாலும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அதையும் ஓட்டாதீர்கள். வரைபடத்தில் பச்சை மண்டலமாகக் குறிக்கப்பட்ட இடத்தில், 120 மீட்டர் உயரத்துக்குள், கண்ணுக்குத் தெரியும் தொலைவிலேயே பறக்கவிடுங்கள்.

நாளை உங்களில் பலர் பயிருக்கு மருந்து தெளிப்பீர்கள், வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தேடுவீர்கள், மலைக்கிராமத்துக்கு மருந்து கொண்டுபோவீர்கள். அந்த ட்ரோனுக்குக் கீழே மனிதர்கள் இருப்பார்கள். அவர்களுடைய பாதுகாப்பு உங்கள் கையில் இருக்கும். ஆகவே இன்றே பழகிக்கொள்ளுங்கள்: எச்சரிக்கை வந்தால் பதறாதீர்கள், மறைந்தால் மறக்காதீர்கள், காரணம் தெரியும்வரை மறுபடி பறக்கவிடாதீர்கள்.